ஆன்லைனில் கலை ரசனை: டெக்சஸ் கம்யூனிட்டி காலேஜில் ஆர்ட்ஸ் 1301 எடுக்கப் போகிறவர்களுக்கு

டெக்சஸ் மாநில அரசுக் கல்லூரிகளில் எந்த இளநிலைப் பட்டம் படித்தாலும் 42 கிரெடிட் பொதுப்பாடங்களை முடித்தாக வேண்டும். அதில் 3 கிரெடிட் கிரியேட்டிவ் ஆர்ட்ஸ் பிரிவுக்கு உரியது. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பவருக்கும் நர்ஸிங் போகிறவருக்கும் இதில் விலக்கு இல்லை. பலரும் இதற்காக எடுப்பது ஆர்ட் அப்ரிசியேஷன், பாட எண் ஆர்ட்ஸ் 1301. பள்ளியில் இருக்கும்போதே கல்லூரிக் கிரெடிட்டும் சேர்க்கும் டூயல் கிரெடிட் திட்டத்தில் இருக்கும் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளும், எச்-4 விசாவில் (எச்-1பி ஊழியரின் குடும்பத்தாருக்கானது) வந்து மறுபடி படிக்கத் தொடங்குகிறவர்களும் இதை ஆன்லைனில் எடுப்பது வழக்கம்.

"படத்தைப் பார்த்து நாலு வரி எழுதினால் போதும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அந்த நாலு வரியில்தான் மதிப்பெண் போகிறது. நிதானமாகப் பார்ப்பது, கண்ணில் பட்டதை முதலில் எழுதுவது, பொருள் சொல்வதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்வது. இந்தப் பழக்கம் வந்துவிட்டால் பாடம் சுலபம். வராதவர்கள் எவ்வளவு படித்தாலும் 'பி' கிரேடைத் தாண்டுவது கஷ்டம்.

சேரும் முன்

டெக்சஸின் பொதுப் பாட எண்களில் முதல் இலக்கம் ஆண்டைக் குறிக்கும், இரண்டாவது கிரெடிட்டைக் குறிக்கும். 1301 என்றால் முதலாண்டுப் பாடம், மூன்று கிரெடிட். பட்டியலில் பக்கத்திலேயே 1303, 1304 என்று இரண்டு இருக்கும். அவை ஆர்ட் ஹிஸ்டரி. காலவரிசைப்படி போகும், மனப்பாடம் அதிகம். கலை, கட்டடக்கலை, டிசைன் துறைகளுக்குப் போகிறவர்களிடம் பல்கலைக்கழகங்கள் கேட்பது பெரும்பாலும் இந்த இரண்டைத்தான். ஆகவே கம்யூனிட்டி காலேஜுக்குப் பிறகு பட்டத்தை முடிக்க எந்தப் பல்கலைக்கழகத்துக்கு மாறப் போகிறீர்களோ அதன் டிகிரி பிளானை, அதாவது பட்டத்துக்கு வேண்டிய பாடங்களின் பட்டியலை, முதலில் பாருங்கள். 'கிரியேட்டிவ் ஆர்ட்ஸ், 3 கிரெடிட்' என்று மட்டும் இருந்தால் 1301 போதும்.

அடுத்து சிலபஸ். 2009இல் வந்த டெக்சஸ் சட்டப்படி அரசுக் கல்லூரிகள் இளநிலைப் பாடங்களின் சிலபஸையும் ஆசிரியரின் விவரக்குறிப்பையும் இணையத்தில் வைத்தாக வேண்டும், அதுவும் முகப்புப் பக்கத்திலிருந்து மூன்று கிளிக்குக்குள். இதைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு. பணம் கட்டுவதற்கு முன்பே, நீங்கள் எடுக்க நினைக்கும் ஆசிரியரின் போன செமஸ்டர் சிலபஸைத் தேடி எடுத்துப் படியுங்கள். கட்டுரை எத்தனை, தேர்வுக்கு லாக்டவுன் பிரவுசர் (தேர்வு நேரத்தில் வேறு பக்கங்களைத் திறக்கவிடாத மென்பொருள்) வேண்டுமா, மியூசியத்துக்கு நேரில் போக வேண்டுமா, குழு வேலை உண்டா, தாமதமாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பார் என்பதெல்லாம் அதில் இருக்கும். குழு வேலையைப் பார்த்து இந்த ஆசிரியர் மட்டும் ஏன் இப்படி என்று எண்ண வேண்டாம். கிரியேட்டிவ் ஆர்ட்ஸ் பிரிவுக்கு மாநிலம் வகுத்த நான்கு நோக்கங்களில் குழுவாகச் செயல்படுவதும் ஒன்று. எந்த ஆசிரியரிடம் போனாலும் ஏதோ ஒரு வடிவில் அது இருக்கும்.

எத்தனை வார வகுப்பு என்பதைக் கவனித்துச் சேருங்கள். வகுப்பில் ஒரு மணி நேரம் என்றால் வெளியே இரண்டு மணி நேரம் என்பது பொதுவான கணக்கு. அப்படிப் பார்த்தால் 16 வார வகுப்புக்கு வாரம் 9 மணி நேரம், 8 வாரத்துக்கு 18, ஐந்து வாரக் கோடை வகுப்புக்கு ஏறத்தாழ 29. கோடை வகுப்பில் வேலை குறைவாக இருக்கும் என்று நினைத்துச் சேர்கிறவர்கள் இரண்டாவது வாரமே பின்தங்குகிறார்கள். புதியவர்களுக்கு 16 வாரம், முடியாவிட்டால் 8 வாரம். டிசம்பர், மே மாதங்களில் நடக்கும் மூன்று வார மினி வகுப்பு, ஏற்கெனவே ஆன்லைனில் படித்துப் பழகி, அந்த மூன்று வாரமும் வேறு வேலை இல்லாதவர்களுக்கு மட்டும்.

விண்ணப்பம் பெரும்பாலும் அப்ளை டெக்சஸ் தளம் வழியாகவோ கல்லூரியின் சொந்தப் பக்கத்திலோ நடக்கும். கல்லூரி மாவட்டத்துக்குள் குடியிருந்தால் கட்டணம் மிகக் குறைவு, வெளியே என்றால் கூடும், வெளி மாநிலம் என்றால் இன்னும் கூடும். ஆகவே குடியிருப்புச் சான்றை முன்னதாகவே கொடுத்துவிடுங்கள். டிஎஸ்ஐ எனப்படும் தகுதித் தேர்வோ அதிலிருந்து விலக்கோ முடியாமல் பதிவு திறக்காது. மெனிஞ்சைட்டிஸ் தடுப்பூசிச் சான்று 22 வயதுக்குட்பட்ட புது மாணவர்களுக்குக் கட்டாயம் என்றாலும், முழுக்க ஆன்லைனில் மட்டும் படிப்பவர்களுக்கு விலக்கு உண்டு. அதற்கான படிவத்தைக் கேட்டு வாங்குங்கள்.

எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. முழுநேரப் படிப்புக்கான கணக்கில் ஒரு செமஸ்டருக்கு ஓர் ஆன்லைன் வகுப்பு, அதாவது 3 கிரெடிட் மட்டுமே சேரும். கடைசி செமஸ்டரில் மிச்சமிருப்பது ஒரே பாடம் என்றால் அது ஆன்லைன் வகுப்பாக இருக்க முடியாது. பதிவு செய்யுமுன் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள்.

டூயல் கிரெடிட் பிள்ளைகளின் பெற்றோருக்கு இரண்டு செய்திகள். பிள்ளைக்கு வயது பதினாறுதான் என்றாலும் கல்லூரிப் பதிவேட்டின் உரிமை பிள்ளையிடம்தான். நீங்கள் பேராசிரியருக்கு எழுதினால் பதில் வராது. பிள்ளைதான் கல்லூரி மின்னஞ்சலிலிருந்து எழுத வேண்டும். இரண்டாவது, பாடத்தில் கிரேக்கச் சிற்பமும் மறுமலர்ச்சி ஓவியமும் வரும், அவற்றில் நிர்வாண உருவங்கள் இருக்கும். இதை முன்பே பேசிக்கொள்வது நல்லது.

புத்தகமும் முதல் வாரமும்

பதிவுப் பட்டியலில் பாடநூல் செலவு இல்லாத வகுப்புகளைத் தனியே குறித்திருப்பார்கள். முதலில் அவற்றைத் தேடுங்கள். நார்த் ஜார்ஜியா பல்கலைக்கழகப் பதிப்பகம் இலவசமாகத் தந்திருக்கும் அறிமுகப் பாடநூலும், ஸ்மார்ட்ஹிஸ்டரி தளத்தின் காணொளிகளும் பல வகுப்புகளுக்கு ஏறக்குறையப் போதுமானவை. ஆக்சஸ் கோடு (பதிப்பகத்தின் இணையதளத்தைத் திறக்கக் காசு கொடுத்து வாங்கும் குறியீடு) கட்டாயம் என்று சிலபஸ் சொன்னால் பழைய பதிப்பை வாங்கிச் சமாளிக்க முடியாது, ஏனெனில் வினாடி வினாவே அந்தக் கோடுக்குள்தான் இருக்கும். சில கல்லூரிகள் புத்தகப் பணத்தைக் கட்டணத்தோடு தாமாகவே சேர்த்துவிடும். வேண்டாம் என்று சொல்ல ஒரு கெடு தேதி உண்டு, அது செமஸ்டர் தொடங்கியதும் சீக்கிரமே போய்விடும்.

வகுப்பு திறக்கும் நாளில் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருவது வருகையாகாது. மத்திய அரசின் நிதியுதவி விதிப்படி, லாகின் செய்தது மட்டும் கல்விப் பங்கேற்பாகக் கணக்கில் சேராது. ஏதாவது எழுதி இட வேண்டும், அல்லது ஒரு குவிஸ் எடுக்க வேண்டும். முதல் வாரத்தில் வரும் 'உங்களை அறிமுகம் செய்யுங்கள்' பதிவுக்கும் சிலபஸ் குவிஸுக்கும் மதிப்பெண் சொற்பம் என்று விட்டுவிட்டவர்கள், வகுப்புக்கே வராதவர்கள் என்று நீக்கப்படுவது இதனால்தான். முதல் நாளிலேயே இரண்டையும் முடியுங்கள்.

அன்றைக்கே மூன்று வேலைகளையும் சேர்த்துச் செய்யுங்கள். எல்லாக் கெடு தேதிகளையும் போன் காலண்டரில் ஏற்றுங்கள். லாக்டவுன் பிரவுசர் கேட்டிருந்தால் நிறுவி, பயிற்சிக் குவிஸ் ஒன்றை எடுத்துப் பாருங்கள். அது போனில் ஓடாது; குரோம்புக்கில் ஓட ஆசிரியர் தனியே அனுமதி கொடுத்திருக்க வேண்டும். ஒவ்வொரு அசைன்மென்டின் ரூப்ரிக்கையும் (மதிப்பெண் பகுப்பு அட்டவணை) இறக்கிச் சேமியுங்கள். எந்தப் பத்திக்கு எத்தனை மதிப்பெண் என்பது அதில்தான் இருக்கிறது.

பார்ப்பதற்கு ஒரு முறை

பாடத்தின் முதுகெலும்பு இது. எட்மண்ட் பர்க் ஃபெல்ட்மன் வகுத்த நான்கு படிகளைப் பெரும்பாலான ஆசிரியர்கள் ஏதோ ஒரு பெயரில் பின்பற்றுகிறார்கள்: விவரிப்பது, பகுத்துப் பார்ப்பது, பொருள் காண்பது, மதிப்பிடுவது. வரிசை மாறக் கூடாது. புதியவர்கள் எல்லோரும் மூன்றாவதிலிருந்து தொடங்குகிறார்கள், "இந்த ஓவியம் தனிமையைக் காட்டுகிறது" என்று. எந்தக் கோடு காட்டுகிறது, எந்த நிறம் காட்டுகிறது என்று ஆசிரியர் கேட்பார், கட்டுரையில் பதில் இருக்காது.

வான் கோவின் 'நட்சத்திர இரவு' ஏறக்குறைய எல்லா வகுப்பிலும் வரும். 1889இல் வரைந்தது, நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைத் திரையில் முழுதாகத் திறந்து, பத்து நிமிடம் எதையும் எழுதாமல் பாருங்கள். பிறகு, பார்க்காத ஒருவருக்குத் தொலைபேசியில் சொல்வதாக எண்ணி எழுதுங்கள். மேலே மூன்றில் இரண்டு பங்கு வானம். இடப்புறம் கரும்பச்சை சைப்ரஸ் மரம், அடியிலிருந்து ஏறக்குறைய மேல் விளிம்பு வரை. கீழே சின்னஞ்சிறு ஊர், நடுவில் கூர்மையான தேவாலயக் கோபுரம். வலப்பக்க மூலையில் பிறைநிலா. தூரிகைத் தடங்கள் தடித்து, சுழல் சுழலாக. இது விவரிப்பு. இதில் 'அழகான', 'சோகமான' என்ற சொற்களுக்கு இடம் இல்லை.

இப்போது பகுப்பு. வானத்தின் கோடுகள் எல்லாம் சுருண்டு பக்கவாட்டில் ஓடுகின்றன. மரமும் கோபுரமும் மட்டும் செங்குத்தாக நிற்கின்றன. மரத்தின் கருமை இடப்பக்கத்தை அழுத்த, நிலாவின் மஞ்சள் வலப்பக்கத்தில் அதற்கு ஈடு கொடுக்கிறது. இதுதான் சமச்சீரற்ற சமநிலை. ஊரின் கோடுகள் குட்டையாக, நேராக இருக்கின்றன, வானத்தின் அசைவு அவற்றில் இல்லை. இவ்வளவும் எழுதிய பிறகு, வானம் கொந்தளிக்க ஊர் அசையாமல் கிடக்கிறது என்று பொருள் சொன்னால் யாரும் மறுக்க முடியாது. ஆதாரம் மேலே இருக்கிறது.

ஆன்லைனில் படிப்பவர்களுக்கு மட்டும் உரிய ஆபத்து ஒன்று உண்டு. திரை எல்லாப் படைப்பையும் ஒரே அளவாக்கிவிடுகிறது. மோனா லிசா 77 × 53 செ.மீ. ஹொக்குசாயின் பேரலை அச்சு ஏறத்தாழ 26 × 38 செ.மீ., ஏ3 தாளைவிடச் சற்றுச் சிறியது. பிக்காசோவின் குவெர்னிக்கா 349 × 777 செ.மீ. உங்கள் வீட்டின் இரண்டு கார் கராஜ் கதவு 16 அடி என்றால் குவெர்னிக்கா 25 அடிக்கு மேல். லேப்டாப்பில் மூன்றும் உள்ளங்கை அகலம்தான். அதனால் எந்தப் படைப்பை எடுத்தாலும் முதலில் அளவைப் பாருங்கள், இரண்டாவதாக அது எதால் செய்யப்பட்டது என்பதைப் பாருங்கள். பெயிண்டர்ஸ் டேப்பால் சுவரில் அந்த அளவை ஒட்டி, எதிரே நின்று பாருங்கள். வேடிக்கையாகத் தோன்றினாலும், அளவு என்ற பாடத்தை இதைவிட நன்றாகக் கற்றுத்தரும் வழி வீட்டில் இல்லை.

படத்தை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். கூகுள் தேடலில் வரும் முதல் படம் நிறம் திரிந்தோ ஓரம் வெட்டப்பட்டோ இருக்கலாம். அருங்காட்சியகத்தின் சொந்தப் பக்கத்துக்கே போங்கள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் 2017 முதல் காப்புரிமை கடந்த படைப்புகளின் படங்களைத் தடையின்றி எடுத்துக்கொள்ளத் தந்திருக்கிறது. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியம் ரெம்பிராண்டின் 'இரவுக் காவல்' ஓவியத்தை 2022இல் 717 கிகாபிக்ஸல் படமாக வெளியிட்டது. வண்ணப்பூச்சின் வெடிப்பு வரை பெரிதாக்கிப் பார்க்கலாம்; நேரில் போனாலும் அவ்வளவு நெருங்க விடமாட்டார்கள்.

இடறிவிடும் சொற்கள்

குவிஸில் மதிப்பெண் குறைவது பெரும்பாலும் பழகிய ஆங்கிலச் சொற்களால். 'வேல்யூ' என்றால் இங்கே விலையல்ல, ஒரு நிறம் எவ்வளவு வெளிர் அல்லது எவ்வளவு கருமை என்பது. 'சப்ஜெக்ட்' என்றால் படத்தில் என்ன இருக்கிறது. 'கன்டென்ட்' என்றால் அது என்ன சொல்கிறது. 'ஷேப்' தட்டையானது, 'மாஸ்' கனமுள்ளது. 'ஆப்ஸ்ட்ராக்ட்' என்பது உலகில் உள்ள ஒன்றைச் சுருக்கியோ திரித்தோ காட்டுவது. எதையுமே சுட்டாத வெறும் நிறமும் வடிவமும் 'நான்-ரெப்ரசன்டேஷனல்'. இந்த இரண்டையும் மாற்றி எழுதாத வகுப்பே இருக்காது.

அச்சுக்கலையில் 'ரிலீஃப்' என்றால் மேடான பகுதி மை ஏற்கும், 'இன்டாலியோ' என்றால் பள்ளத்தில் மை தங்கும். ஈரச் சுண்ணாம்புப் பூச்சின் மீது தீட்டுவது புவோன் ஃப்ரெஸ்கோ, காய்ந்த பூச்சின் மீது என்றால் செக்கோ. செய்முறைப் படம் ஒன்றை நீங்களே கையால் வரைந்து வைத்துக்கொண்டால் குழப்பம் தீரும்.

நடராஜர் வரும்போது

சோழர் காலத்து நடராஜர் செப்புத் திருமேனி பல பாடநூல்களில் இருக்கிறது. மெட்ரோபாலிட்டனில் உள்ளது 11ஆம் நூற்றாண்டு, உயரம் 68 செ.மீ. தமிழ் மாணவர்கள் ஆசையோடு இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தேர்ந்தெடுக்கவும் வேண்டும், இவ்வளவு நெருக்கமாக அறிந்த படைப்பு பாடநூலில் வேறு எது? ஆனால் தெரிந்த பொருளே பார்வையை மறைத்துவிடும். ஐந்தொழில், ஆணவம், சிதம்பரம் என்று இரண்டு பக்கம் ஓடி, உருவத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் முடிந்துபோகும்.

முதலில் வெண்கலத்தைப் பாருங்கள். உருவத்தைச் சுற்றியுள்ள திருவாசி ஒரு வட்டம், அதற்குள் உடல் ஒருபக்கம் சாயாமல் நிற்கிறது. முழு எடையும் முயலகன் மேல் ஊன்றிய வலக்காலில். தூக்கிய இடக்கால் குறுக்காக வெளியே போக, முன் இடக்கை அதே திசையில் உடலைக் கடந்து வந்து பாதத்தைச் சுட்டுகிறது. உடுக்கையும் தீயும் ஏந்திய பின்கைகள் இரு பக்கமும் விரிந்து அந்தச் சாய்வை நிறுத்துகின்றன. விரிசடை பக்கவாட்டில் பறக்கிறது, முகம் மட்டும் அசைவற்று இருக்கிறது. உடலுக்கும் வட்டத்துக்கும் நடுவே உள்ள வெற்றிடங்களையும் கவனியுங்கள். ஆட்டம் தெரிவது பாதி அவற்றால்தான். இதை எழுதிய பிறகு ஐந்தொழிலுக்கு வாருங்கள், அதுவும் மேற்கோள் காட்டி. பாட்டி சொன்னது உண்மையாகவே இருந்தாலும் கட்டுரைக்கு நூலகத் தரவுதளத்திலிருந்து ஒரு ஆதாரம் வேண்டும். செய்முறையிலும் கவனம் தேவை. மெழுகு வார்ப்பைப் பாடநூல்கள் பெரும்பாலும் உள்ளீடற்ற முறையாக விளக்கும். சோழர் திருமேனிகள் பொதுவாக உள்ளே வெற்றிடம் இல்லாத கன வார்ப்பு.

விவாதமும் தேர்வும்

விவாதப் பலகையில் வழக்கமான ஏற்பாடு, வார நடுவில் உங்கள் பதிவு, ஞாயிறு இரவுக்குள் இருவருக்குப் பதில். "நன்றாக எழுதியிருக்கிறீர்கள், நானும் அப்படியே நினைத்தேன்" என்ற பதிலுக்கு மதிப்பெண் கிடையாது. அவர் கவனிக்காத ஒரு பகுதியைச் சுட்டுங்கள், அல்லது அவர் சொன்ன பொருளுக்கு எதிரான ஒரு கூறைப் படத்திலிருந்தே காட்டுங்கள். பதிவை முதலில் வேறொரு கோப்பில் எழுதிச் சேமித்து, பிறகு ஒட்டுங்கள்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளை இந்தப் பாடத்தில் நம்ப வேண்டாம். படத்தில் இல்லாத நிறத்தையும் இல்லாத ஆளையும் தயங்காமல் எழுதிவிடும். ஓவியத்தை நூறு முறை பார்த்த ஆசிரியருக்கு அது ஒரே பார்வையில் தெரியும்.

படத்தைக் கொடுத்து அடையாளம் கேட்கும் தேர்வுக்குக் கலைஞர், தலைப்பு, காலம், ஊடகம், பண்பாடு என்ற ஐந்தையும் அட்டைகளில் எழுதி, வாரம் பத்துப் படைப்பாகச் சேர்த்து வாருங்கள். கடைசி வாரத்தில் எல்லாவற்றையும் சேர்த்துப் படிப்பது நடக்காது. சில ஆசிரியர்கள் ஒற்றைப் புள்ளித் தொலைநோக்கு (பெர்ஸ்பெக்டிவ்) வரைபடம், வண்ணச் சக்கரம் போன்றவற்றை வரையச் சொல்வார்கள். கைத்திறமைக்கு மதிப்பெண் இல்லை, சொன்ன முறையைப் பின்பற்றியதற்குத்தான். அளவுகோலைத் தவிர்க்காதீர்கள்.

மியூசியக் கட்டுரை

ஆன்லைன் வகுப்பானாலும் ஒருமுறை நேரில் போகச் சொல்வார்கள். ஃபோர்ட் வொர்த்தில் கிம்பெல் அருங்காட்சியகத்தின் நிரந்தரத் தொகுப்பு, பக்கத்திலேயே ஏமன் கார்ட்டர், டாலஸ் கலை அருங்காட்சியகத்தின் பொது நுழைவு, ஹூஸ்டனில் மெனில் கலெக்ஷன் எல்லாம் இலவசம். திங்கட்கிழமைகளில் பல இடங்கள் மூடியிருக்கும். வெளியிலிருந்து வருகிற சிறப்புக் கண்காட்சிக்குச் சில இடங்களில் தனி டிக்கெட் உண்டு, அது உங்களுக்குத் தேவையில்லை.

முதல் அரை மணி நேரம் சும்மா சுற்றுங்கள். திரும்பத் திரும்பக் கால் எங்கே நிற்கிறதோ அந்தப் படைப்பை எடுங்கள். பெயர்பெற்ற படைப்பாக இருக்கத் தேவையில்லை. இணையத்தில் குறைவாக எழுதப்பட்டதென்றால் நல்லது, உங்கள் கண்ணை மட்டுமே நம்ப வேண்டியிருக்கும். அதன் எதிரே அரை மணி நேரம் உட்காருங்கள். பென்சில் கொண்டு போங்கள், பேனாவை அனுமதிக்காத கூடங்கள் பல. ஒரு கோட்டோவியம் போட்டுக்கொள்ளுங்கள். வரையும்போதுதான் எந்தக் கோடு எதை நோக்கிப் போகிறது என்று புலப்படும். சிற்பம் என்றால் சுற்றி வந்து நான்கு பக்கமும் படமெடுங்கள். ஃபிளாஷ் கூடாது.

சுவரில் உள்ள லேபிளைப் படமெடுக்க மறப்பவர்கள்தான் அதிகம். ஊடகம், பதிவெண், யார் கொடுத்தது எல்லாம் அதில்தான். படைப்போடு நீங்கள் நிற்கும் படம் ஒன்றும் வேண்டும், போனதற்குச் சான்றாகக் கேட்பார்கள். அஞ்சலட்டைக் கடையும் ஷாப்பிங் மால் ஆர்ட் கேலரியும் கணக்கில் சேராது.

வீடு திரும்பிய அன்றே விவரிப்புப் பகுதியை எழுதிவிடுங்கள். மறுவாரம் போன் படத்தை வைத்து எழுதினால் நீங்கள் விவரிப்பது போன் படத்தைத்தான்.

ஊருக்குப் போகும்போதும் விலகும்போதும்

கோடையில் சென்னை போய்க்கொண்டே வகுப்பை முடித்துவிடலாம் என்று பலர் திட்டமிடுகிறார்கள். கெடு எப்போதும் டெக்சஸ் நேரம். கோடையில் அங்கே இரவு 11:59 என்றால் இந்தியாவில் மறுநாள் காலை 10:29, குளிர்காலத்தில் 11:29. மியூசியக் கட்டுரையைக் கிளம்பும் முன்பே முடியுங்கள், அல்லது எழும்பூர் அருங்காட்சியகத்தை ஏற்பாரா என்று ஆசிரியரிடம் எழுதிக் கேளுங்கள். அங்கே இருக்கும் வெண்கலக் கூடம் போதுமான காரணம். கேமரா வைத்துக் கண்காணிக்கும் தேர்வுக்கு மின்வெட்டையும் யோசித்து இடம் தேர்ந்தெடுங்கள்.

விலக வேண்டி வந்தால் தேதி பாருங்கள். வகுப்பு தொடங்குமுன் விலகினால் கட்டணம் முழுதும் திரும்பும். 16 வார வகுப்பில் முதல் 15 வகுப்பு நாட்களுக்குள் 70 சதவீதம், 16 முதல் 20 வரை 25 சதவீதம், அதற்குப் பிறகு எதுவும் இல்லை. கல்லூரி மாணவர் எண்ணிக்கையைக் கணக்கெடுக்கும் சென்சஸ் தேதி 12ஆம் வகுப்பு நாள். அதற்குள் விலகினால் பதிவேட்டில் தடம் இருக்காது. தாண்டினால் விலகியதைக் குறிக்கும் 'டபிள்யூ' விழும். இளநிலைப் படிப்பு முழுவதற்கும் மாநிலம் அனுமதிக்கும் ஆறு விலகல்களில் ஒன்றும் கழியும்.

முடித்தவுடன் டிரான்ஸ்கிரிப்டை (மதிப்பெண் சான்றிதழ்) மாறப் போகும் பல்கலைக்கழகத்துக்கு நீங்களே அனுப்பச் சொல்ல வேண்டும், தானாகப் போகாது. மதிப்பெண் ஏறிய பிறகு அனுப்பும்படி தேர்வு செய்யுங்கள், இல்லையென்றால் பாடம் 'நடந்துகொண்டிருக்கிறது' என்றே போய்ச் சேரும். அங்கே அது கிரியேட்டிவ் ஆர்ட்ஸ் கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறதா, வெறும் எலெக்டிவாக (விருப்பப் பாடமாக) விழுந்திருக்கிறதா என்று, பட்டத்துக்கு எது முடிந்தது, எது மிச்சம் என்று காட்டும் டிகிரி ஆடிட்டில் பாருங்கள். எலெக்டிவாக விழுந்திருந்தால் சேமித்து வைத்த சிலபஸோடு ஆலோசகருக்கு எழுதுங்கள்.